வரிசைக்கு ஆள்

வத்தேகமையிலிருந்து மேலே ஏறும் பஸ், கடைசி வளைவைத் திரும்பி மூச்சு வாங்கி நிற்கும் இடம்தான் ஹீன்தெனிய. தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு அது ஈந்தெனி. ஒரு பஜார், ஒரு கோயில், ஒரு விகாரை, ஒரு பள்ளிவாசல், ஒரு பொலிஸ். இதில் பொலிஸ்தான் கடைசியாக வந்தது. வந்த நாளிலிருந்து மற்றதையெல்லாம் விட அதற்குத்தான் அதிகம் பேர் கும்பிடு போட்டார்கள்.

முதலில் அது பொலிஸ் நிலையமே இல்லை. வெள்ளைக்காரத் துரை குதிரை கட்டிய லாயத்தில் இரண்டு ராலாமிகளை உட்கார வைத்தார்கள். காக்கி போட்ட கான்ஸ்டபிள் எவரும் எங்கள் பக்கத்தில் ராலாமிதான். கொழுந்துத் திருட்டுக்கும் கோழித் திருட்டுக்கும் அது போதும் என்று கண்டியில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். குதிரைகள் செத்து வெகுகாலமாகியும் மழை பெய்தால் அங்கே சாண வாடை கிளம்பும். “உள்ள போறப்ப ரெண்டு கால்ல போவான், வெளிய வர்றப்ப நாலு கால்ல வருவான்” என்று தோட்டத்து லய வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள்.

பிறகு கருங்கல்லில் ஒரு கட்டடம் எழுந்தது. ஆற்றிலிருந்து கல் சுமந்தவர்களில் கறுப்பையாவும் ஒருவர். கட்டடம் திறந்த அன்று பின்னேரம் அவர் கொஞ்சம் குடித்துவிட்டு, “இது நான் கட்டுன வீடு” என்று வாசலில் நின்று பாட்டுப் பாடினார். புதுக் கூண்டுக்கு முதல் ஆளாக அவரைத்தான் போட்டார்கள். காலையில் விட்டபோது அவருக்கு இடது காது கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பாடவும் இல்லை. அவருடைய இளைய மகன்தான் அழகர்.

அழகருக்கு மீசை அரும்பிய வயதில் நாடு முழுக்க டயர் எரிந்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டு. சிங்களப் பொடியன்களின் கிளர்ச்சி, அதை அடக்க வந்த ஜீப்புகள், காலையில் ஆற்றில் மிதந்து வரும் உடம்புகள். அது நம்முடைய சண்டை இல்லை என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் யாரோ பஸ் டிப்போவுக்குத் தீ வைத்துவிட்டார்கள். மறுநாள் தோட்டத்து ஆண்களையும் பஜார் ஆண்களையும் பொலிசுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்பிலிருந்து ஒருவனை இறக்கினார்கள். தலையிலிருந்து இடுப்பு வரை சணல் கோணி. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கோணி ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் ஜீப்பில் ஏற வேண்டும்.

அழகர் கடைசி ஆளாக, மதிலை ஒட்டி நின்றான். பக்கத்தில் அண்ணன் இளங்கோ. இளங்கோவுக்கு எதையும் நேராகப் பார்க்கும் பழக்கம். கோணிக்குள் இருப்பது யாரென்று தெரிந்துகொள்ள, அவன் தலையை நிமிர்த்தி அந்த ஓட்டைகளுக்குள் உற்றுப் பார்த்தான். கோணி ஒரு கணம் நின்றது. பிறகு ஆடியது.

அழகர் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோணி அவன் முன்னால் வந்தது, ஆடாமல் போய்விட்டது.

இளங்கோ திரும்பி வரவில்லை. ஆத்தா ராக்கம்மா பல மாதங்கள் பொலிஸ் வாசலில் போய் உட்கார்ந்தாள். “அப்படி ஒரு ஆள இங்க கொண்டாரவே இல்ல” என்றார்கள். அவள் சாகும் வரைக்கும் அழகரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அவன் எதுக்குடா நிமிந்து பார்த்தான்?”

அழகர் அந்தக் கேள்வியையே பாடமாக எடுத்துக்கொண்டான். தலையைக் குனிந்தவன் வீட்டுக்குப் போகிறான்.

*

யுத்த காலத்தில் பொலிசைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினார்கள். யுத்தம் முடிந்ததும் மூட்டைகளை எடுத்துவிட்டு இரண்டு மாடி கட்டினார்கள், தரைக்கு டைல் போட்டார்கள், வாசலில் ஒரு போதி மரம் நட்டார்கள். இத்தனைக்கும் ஊடே அழகர் அதே மதிலில் சாய்ப்பு இறக்கி ஒரு தேத்தண்ணிக் கடை போட்டிருந்தார். பொலிஸ் நிலம்தான். யாரும் எழுத்தில் அனுமதி கொடுக்கவில்லை, யாரும் எழும்பச் சொல்லவும் இல்லை. எந்தப் பொறுப்பதிகாரி மாறி வந்தாலும் முதல் நாளே சார்ஜன் விளக்கம் சொல்லிவிடுவார்: “இந்த ஆள் நல்லம் சேர். வரிசைக்குக் கூப்பிட்டா வருவான்.”

அந்த வரிசைதான் அழகரின் வாடகை.

ஒரு திருட்டிலோ வெட்டுக்குத்திலோ ஆளைப் பிடித்தால், சாட்சி அவனை நீதிமன்றத்தில் வைத்து அடையாளம் காட்ட வேண்டும். தனியாக ஒருவனை நிறுத்தி இவனா என்று கேட்கக் கூடாது. அவனைப் போன்ற சாயலும் வயதும் உள்ள இன்னும் சிலரைச் சேர்த்து நிறுத்த வேண்டும். அடையாள அணிவகுப்பு என்று அதற்குப் பெயர். சாட்சிக்கு முன்பின் தெரியாத ஆட்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஈந்தெனியில் ஒருவரை ஒருவர் தெரியாத ஆட்களுக்கு எங்கே போவது? சந்தேகநபர் கறுப்பாக, மீசையோடு, தமிழ் முகமாக இருந்தால் ராலாமி நேரே பஜாருக்குள் இறங்கிக் கையைத் தட்டுவார். “வரிசைக்கு ஆள் வேணும்! வாங்க, வாங்க!”

அழகர் முதல் ஆளாக அடுப்பைக் குறைத்துவிட்டுக் கிளம்புவார். மனைவி ஜெயராணி வடைச் சட்டியைக் கிளறிக்கொண்டே சொல்வாள்: “மாப்பிள போறாரு பாருங்க, பொண்ணு பாக்க.”

“வாய மூடு. ஒனக்கும் சேத்துத்தான் நிக்கிறேன்.”

“எனக்கா? எனக்கு ஒரு நல்ல சீல எடுத்துக் குடுக்க நிக்கலாம்ல, துணிக்கட வரிசையில?”

சலூன் வைத்திருந்த தியாகராஜாவும் கூட வருவான். வயதில் இளையவன், பயந்த சுபாவம். முதல் தடவை அவன் கால்கள் ஆடியதைப் பார்த்து அழகர்தான் தைரியம் சொன்னார். “பயப்படாத தம்பி. என்ன மாதிரி ஓரத்துல நில்லு. நெலத்தப் பாரு. எறும்பு ஏதாச்சும் ஓடும், அதப் பாரு. ஒன்னும் ஆகாது.”

“அவங்க நம்மள தொட்டுட்டா?”

“என்ன எத்தன வருசமா நிறுத்துறாங்க? ஒரு கை மேல பட்டிருக்கா? தலைய மட்டும் தூக்கிறாத.”

அது உண்மைதான். அத்தனை வருடங்களில் ஒரு சாட்சியும் அழகரைத் தொட்டதில்லை. பஜாரில் அவருக்கு இருந்த மரியாதையே அதுதான். மற்றவனுக்கு நிலம் இருந்தது, கடை இருந்தது, வெளிநாட்டில் பிள்ளை இருந்தது. அழகருக்கு ‘தொடாத ஆள்’ என்ற பெயர் இருந்தது. “அழகரண்ணன் மூஞ்சியில திருட்டுக் களையே இல்லப்பா” என்று ஆட்டோக்காரர்கள் சொல்லும்போது அவர் கோப்பையை நிறைய நேரம் கழுவுவார். அந்தப் பெயரை வைத்துத்தான் பொலிஸ் மதிலில் சாய்ப்பு நின்றது, சனம் கூச்சமும் பயமும் இல்லாமல் வந்து தேத்தண்ணி குடித்தது.

*

எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்று முடித்த அடுத்த வருடம், பஜாரில் ஒரு கொலை நடந்தது.

புடவைக் கடை முதலாளி. மத்தியானம், எல்லாக் கடைகளிலும் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். கப்பம் கேட்டு வந்தவனுக்கும் முதலாளிக்கும் வாய் தடித்தது. மேசையில் கிடந்த துணி வெட்டும் கத்தரியை எடுத்தே அவரைக் குத்தினான். உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய மனைவி கஜலட்சுமி ஒருத்திதான்.

குத்தியது சுமன் என்று பஜாரில் தெரியாத ஆள் இல்லை. ஆற்றில் மணல் அள்ளும் பெரிய மனிதர் ஒருவருக்குக் கையாளாக இருந்தவன். ஆனால் தெரியும் என்பது வேறு, பார்த்தேன் என்பது வேறு. பார்த்தேன் என்று சொல்ல கஜலட்சுமி மட்டுமே இருந்தாள். அவளும் பெயரைச் சொல்லப் பயந்து, முகத்தைக் கண்டால் காட்டுவேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். பொறுப்பதிகாரி விஜேகோன் புதிதாக வந்தவர். பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர். சுமனைப் பிடித்து மூஞ்சியைத் துணியால் மூடி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அழகரின் கடைக்குத் தானே வந்தார்.

“அழகர், நாள நீங்க கட்டாயம் வரணும். அவன் மாதிரியே நீங்களும் இருக்கு. உயரம், மீசை, எல்லாம் சரி.”

“சேர், அந்த அம்மாவுக்கு என்ன நல்லா தெரியுமே. தினம் கடைக்கு பிளேன்டீ அனுப்புறவன் நானு.”

“அது நான் பாத்துக்கிறன். அவ சொல்லாட்டி நீதவானுக்குத் தெரியாதுதானே?” அவர் மதிலைப் பார்த்தார், சாய்ப்பைப் பார்த்தார். “கடை நல்லா நடக்குது, என்ன?”

மறுநாள் நீதிமன்றத்தின் பின்னறையில் ஒரே மாதிரி ஆட்களாக நின்றார்கள். பொலிஸ்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது. நீதவான், ஒரு எழுதுவினைஞர், வரிசை. அவ்வளவுதான். எங்கே நிற்பது என்று தெரிவு செய்யும் உரிமை சந்தேகநபருக்கு உண்டு. சுமன் வரிசையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். சுவர் ஓரத்தில் அழகர். அவருக்கு அடுத்ததாக வந்து நின்றான். அவன் சட்டையில் நல்ல சவர்க்கார வாசம். மணல்காரர் வீட்டிலிருந்து புதுச் சட்டை வந்திருக்கிறது.

கதவு திறந்தது. கஜலட்சுமி வெள்ளைப் புடவையில் வந்தாள். வரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அழகர் தரையைப் பார்த்தார். அன்று எறும்பு எதுவும் இல்லை. சிமெந்தில் ஒரு வெடிப்பு இருந்தது, அதைப் பார்த்தார். அவளுடைய செருப்புகள் சுமன் முன்னால் வந்து நின்றன. வெகு நேரம் நின்றன. பெருவிரல் செருப்புக்குள் சுருண்டு விரிந்தது. சரி, முடிந்தது, இனி கடைக்குப் போய் மாவு பிசையலாம் என்று அழகர் நினைத்தார்.

செருப்புகள் நகர்ந்தன. அவருடைய தோளில் ஒரு கை விழுந்தது.

*

சட்டப்படி அழகருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சந்தேகநபரே இல்லை. நீதவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஏதோ எழுதச் சொன்னார். சாட்சி தவறான ஆளைக் காட்டியதால் வழக்கின் முதுகெலும்பு அன்றே முறிந்தது. சில வாரங்களில் சுமன் வெளியே வந்தான்.

முதல் அடி விஜேகோனிடமிருந்து. “தலைய தூக்கு! நேராப் பாத்தா என்ன ஒனக்கு? கள்ளன் மாதிரி நெலத்தப் பாத்துக்கிட்டு நின்னியாம்!” அவர் கையால் அடிக்கவில்லை. வடிகால் அகலப்படுத்தும் வேலை என்று பிரதேச சபை ஆட்களை வரவழைத்துச் சாய்ப்பைப் பிடுங்கினார். ஜெயராணி சட்டியோடு ரோட்டில் நின்றாள். “இத்தன வருசம் நின்ன காலு, கொஞ்சம் ஒக்காரட்டும்னு எடுத்துட்டாங்க” என்றாள். அன்று அவள் குரலில் சிரிப்பில்லை.

இரண்டாவது அடி பஜாரிலிருந்து. எல்லோருக்கும் சுமன்தான் குத்தினான் என்று தெரியும். இருந்தும் அந்த அம்மா சும்மாவா தொடுவாள்? கூட நின்றிருப்பானோ? கத்தரியை எடுத்துக் கொடுத்திருப்பானோ? தினம் பிளேன்டீ கொண்டுபோகிறவனுக்குக் கடை நிலவரம் தெரியாமலா இருக்கும்? அழகர் பஸ் தரிப்பிடத்தில் தள்ளுவண்டி போட்டார். பழைய ஆட்டோக்காரர்கள் வண்டியைத் தாண்டிப் போய் எதிர்ப் பேக்கரியில் டீ குடித்தார்கள். ஒருவன் மட்டும் நின்று கேட்டான்: “என்னாண்ணே, மூஞ்சியில களை வந்துருச்சு போல?”

மூன்றாவது அடிதான் பெரியது. அது அன்பாக வந்தது. வெளியே வந்த மறுநாளே சுமன் தள்ளுவண்டிக்கு வந்தான்.

“அண்ணே, ஒரு பால் டீ. சீனி தூக்கலா.”

அழகரின் கை ஆற்றிக்கொண்டே இருந்தது. ஊற்ற மறந்துவிட்டது.

“டீய ஊத்த மறந்துட்டீங்க பாருங்க. பயமா? என்னத்துக்குண்ணே? நீங்க எனக்கு சாமி மாதிரி. நீங்க பக்கத்துல நின்னதாலதான நான் இன்னிக்கி டீ குடிக்கிறேன்.” அவன் எல்லோர் முன்னாலும் அழகரின் தோளில் தட்டினான். அதே தோள். “இனிமே நம்ம டீ இங்கதான். பசங்களையும் கூட்டிட்டு வர்றேன்.”

அழைத்தும் வந்தான். தினம் பின்னேரம் சுமனும் அவன் ஆட்களும் வண்டியைச் சுற்றி நின்று சிரித்தார்கள். வர வேண்டாம் என்று சொல்ல அழகருக்கு வாய் வரவில்லை. மற்ற சனம் அந்தப் பக்கமே வராமல் போயிற்று. நினைத்தது சரியாகிவிட்ட நிம்மதியோடு ஊர் தலையாட்டியது. கோணி இல்லாத தலைகள்தான், ஆனால் ஆடின.

*

கஜலட்சுமி கடையைப் பூட்டிவிட்டுக் குண்டசாலையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர் பஸ் ஏறிப் போனார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். ஒரு கிலோ திராட்சை வாங்கிக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. மணியை அடித்ததும் அவள்தான் வந்தாள். இரும்பு வலைக் கதவைத் திறக்கவில்லை.

“முதலாளியம்மா, நான் சண்ட புடிக்க வரல.”

“சத்தம் போடாத அழகர். அக்கம் பக்கத்துல ஆளு இருக்கு.”

“ஏம்மா என்ன தொட்டீங்க? ஒங்களுக்கு என்ன தெரியாதா? அவன்தான்னு தெரியாதா?”

அவள் வலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

“தெரியும்.”

“அப்பறம்?”

“அவன் முன்னால வந்து நின்னேன். என்ன நேரா பார்த்தான். அன்னிக்கி கடையில கத்தரியோட திரும்பிப் பார்த்தானே, அதே பார்வ. எம்மகன் டியூசனுக்குப் போற வழி அவனுக்குத் தெரியும். என் கை மேல வரவே இல்ல. யாரையாச்சும் தொட்டே ஆகணும்னு சார்ஜன் சொல்லி அனுப்பியிருந்தாரு. அடுத்தது நீ நின்ன, நெலத்தப் பாத்துக்கிட்டு.” அவள் மூச்சை இழுத்தாள். “ஒன்ன தொட்டா நீ என்னா செஞ்சிறப் போற?”

அழகர் யோசித்துப் பார்த்தார். “நான் ஒன்னும் செய்ய மாட்டேம்மா.”

“அதான்” என்றாள் அவள்.

திராட்சைப் பையை அவர் வலைக்கு வெளியே படியில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அழகர் இளங்கோவை நினைத்தார். இத்தனை வருடமும் அவன் நிமிர்ந்ததால்தான் போனான் என்றே எண்ணியிருந்தார். கோணிக்குள் இருந்தவனுக்கு எத்தனை தலையாவது ஆட்டியே ஆக வேண்டும் என்று யார் சொல்லி அனுப்பினார்களோ, யாருக்குத் தெரியும்? ஆனால் அவனுக்குக் கோணி இருந்தது. எவன் நிமிர்ந்தாலும் பயமில்லை. கஜலட்சுமிக்குக் கோணி இல்லை. வெறும் முகத்தோடு வந்து ஆளைத் தொட வேண்டும். அந்த வரிசைக்கு வேறு சட்டம். அது தெரியாமலே அத்தனை காலம் நின்றிருக்கிறார்.  

*

அடுத்த வருடம் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஒரு பிள்ளையின் கழுத்துச் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு ஓடினான். பெயர் ஆஸிகா. கலகெதரப் பக்கத்துப் பிள்ளை, பயிற்சி ஆசிரியை, ஊருக்குப் புதிது. கழுத்தில் சங்கிலி அறுத்த கோடு சிவந்திருந்தது. அவளுடைய மாமா ஒரு சட்டத்தரணி. தினம் ஸ்டேஷனுக்கு வந்து, பிடித்தாயிற்றா, பிடித்தாயிற்றா என்று கேட்டார். கறுத்த ஆள், மீசை, நடுத்தர வயது. அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஞாபகமில்லை.

விஜேகோன் யோசிக்கவில்லை. அழகரின் தள்ளுவண்டி பஸ் தரிப்பிடத்தில். சுமனின் கூட்டத்தோடு சகவாசம். எல்லாவற்றுக்கும் மேலே, “ஏற்கனவே ஒருக்கா தொட்ட ஆள்தானே” என்றார் சார்ஜன். கடைசியாகச் சொன்னதுதான் போதுமானதாக இருந்தது. ஒருமுறை கை பட்ட தோளில் இன்னொரு கை படுவது எவ்வளவு சுலபம்!

அழகரை வைத்த கூண்டு பழைய கல் பகுதியில் இருந்தது. இரண்டு மாடி கட்டியும் கூண்டை மட்டும் இடிக்கவில்லை. கல் நல்ல கல்லாம். அப்பா சுமந்த கல். ஜெயராணி சோறு கொண்டுவந்தாள். கம்பிக்கு வெளியே நின்று பார்சலை நீட்டினாள்.

“அவங்க தொட்டுட்டா என்னங்க செய்றது?” என்றாள். “இந்தவாட்டி நெசமாவே உள்ள போட்டுருவாங்க.”

“தெரியும்.”

“நீங்க அந்த நேரம் எங்கூட வடை சுட்டுக்கிட்டு இருந்தீங்க. அத நான் போய்ச் சொன்னேன். பொண்டாட்டி வேற என்னா சொல்லுவான்னு சிரிக்கிறாங்க.”

“நீ போ. இருட்டப் போவுது.”

நீதிமன்றத்தின் அதே பின்னறை. துணியை முகத்திலிருந்து எடுத்தபோது அழகருக்குக் கண் கூசியது. வரிசை தயாராக நின்றது. எல்லாம் பஜார் முகங்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய இடமான சுவர் ஓரத்தில் தியாகராஜா நின்றான், சொல்லிக் கொடுத்தபடியே, தாடையை மார்பில் புதைத்துக்கொண்டு.

“எங்க நிக்க விருப்பம்?” என்று நீதவானின் கேள்வியை எழுதுவினைஞர் தமிழில் கேட்டார். “அது ஒங்கட உரிமை.”

இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரும் அழகரிடம் கேட்டதில்லை. ஓரம் வேண்டும் என்று சொன்னால் தியாகராஜாவை நகர்த்திவிடுவார்கள். அழகர் வாயைத் திறந்தார். அப்போதுதான் சுமன் எங்கே வந்து நின்றான் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

“அந்த சலூன்கார தம்பிக்குப் பக்கத்துல” என்றார்.

போய் நின்றார். 

ஆஸிகா உள்ளே வந்தாள். சின்னப் பிள்ளை. முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்ட சார்ஜன் அவளிடமும் அதைச் சொல்லியிருப்பார் என்று அழகருக்குத் தெரியும். யாரையாவது தொட்டே ஆக வேண்டும். அவளுடைய நடையிலேயே அது இருந்தது. ஒவ்வொரு முகத்திலும் நின்று, இல்லை, இல்லை என்று நகர்ந்து, வரிசை குறையக் குறைய அவளுடைய மூச்சு வேகமாயிற்று.

அழகரின் முன்னால் வந்து நின்றாள். உயரம் சரி, மீசை சரி. அவள் கை மெல்ல மேலே எழும்பியது.

அழகர் தலையை நிமிர்த்தினார்.

தன் வாழ்க்கையில் அவர் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. சுமன் தள்ளுவண்டியருகே நின்று பார்க்கும் பார்வையை அவர் தினமும் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார். இமை கொட்டவில்லை. அந்தப் பிள்ளையின் கண்ணுக்குள், அவளுடைய கழுத்துக் கோட்டில், மறுபடியும் கண்ணுக்குள். நீ எந்த ரோட்டால் வருகிறாய், எத்தனை மணிக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும் என்பது போல. ஒரு குற்றமும் செய்யாத அந்தப் பிள்ளையின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது. கண் நிறைந்தது. தூக்கிய கை நடுவானில் நின்றது. தோளுக்கு வர அதற்குத் தைரியம் இல்லை.

இப்படித்தான் இருக்குமா என்று அழகருக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சுலபமா?

அவள் ஓரெட்டுப் பக்கவாட்டில் வைத்தாள். அங்கே ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைத் தொட்டாள். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

*

வேறு சாட்சியம் எதுவும் இல்லை. அன்று பின்னேரமே நீதவான் அழகரை விடுவித்தார். வாசலில் ஜெயராணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையாருக்குத் தேங்காய், பிள்ளையாருக்குத் தேங்காய் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். விஜேகோன் ஜீப்பில் ஏறும்போது தியாகராஜாவை ஒருமுறை பார்த்தார். சலூன் எந்த நிலத்தில் நிற்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளும் பார்வை அது. அழகருக்கு அந்தப் பார்வை தெரியும்.

வரிசைக்கு வந்தவர்கள் விறாந்தையில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தியாகராஜாவுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் பார்சலை மடியில் வைத்திருந்தான், பிரிக்கவில்லை. அழகர் போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணே.”

“ம்.”

“நீங்க சொன்ன மாதிரித்தான் நின்னேன். தலையத் தூக்கவே இல்ல. கருமாரி சத்தியமா தூக்கல.”

“ம்.”

“அப்பறம் ஏண்ணே என்னத் தொட்டுச்சு அந்தப் புள்ள?”

பதில் அழகரிடம் இருந்தது. வலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒருத்தி அவருக்குச் சொன்ன அதே பதில். அவள் அதைச் சொல்வதற்காவது வாசலுக்கு வந்தாள்.

“தெரியலயே தம்பி” என்றார் அழகர். “சாப்புடு. ஆறிரும்.”

“எறங்க மாட்டேங்குது. நீங்க சாப்புடுங்கண்ணே. கூண்டுல என்னத்தச் சாப்புட்டிருப்பீங்க.”

தியாகராஜா பார்சலை அவர் பக்கம் தள்ளினான். அழகர் வாங்கிக்கொண்டார். வாழையிலையைப் பிரித்தார். பருப்பு, பொல் சம்பல், ஒரு துண்டு கருவாடு. சோறு இன்னும் சூடாக இருந்தது. அவருக்கு உண்மையிலேயே நல்ல பசி.